ஸ்பிரோவுக்கு நான் தேடிக் கொடுத்த துணை

பழமொழி கிடைத்தால் எனக்குச் சோறும் வேண்டாம். நோர்வேயின் ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கும் கிரேக்கர் ஸ்பிரோ அண்ணையும் அப்படித்தான். அரைகுறை நோர்வேஜிய மொழியில் தினமும் நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்வார். அவருடையவை கிரேக்கப் பழமொழிகள் அல்ல. அவருடைய ஊரில் வயதானவர்கள் மட்டும் இன்னும் பேசுகிற ஆர்வனிதிகாவில் உள்ளவை. அது அல்பேனிய மொழியின் ஒரு கிளை.

போன வருடம் அவருடைய அக்கா இறந்துபோனார். "இனி இதிலை கதைக்க எனக்கு ஆளில்லை," என்றார் ஸ்பிரோ.

எனக்கு மனம் கேட்கவில்லை. புதிதாகப் பாத்திரம் கழுவ வந்த அல்பேனியர் ஒருவரை மதிய இடைவேளையில் அவருடைய மேசைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, உங்கடை ஆள் ஒருத்தரைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். கதையுங்கோ."

ஸ்பிரோ கூச்சத்தோடு ஒரு பழமொழி சொன்னார். பாதி விளங்கிய சந்தோஷத்தில் அந்த மனிதர் அவர் தோளில் தட்டினார். "அட, நீங்களும் அல்பேனியன்தானே. இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தியளோ?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஸ்பிரோ கோப்பியைக் கீழே வைத்தார். "நான் கிரேக்கன். என்ரை அப்பாவும் கிரேக்கன். பள்ளிக்கூடத்திலையும் என்னை அல்பேனியன் எண்டு சொல்லி இப்பிடித்தான் சிரிச்சவை."

பிறகு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை," என்றார். ஆனால் அந்த மொழியில் ஒரு சொல்லைக்கூட அவர் வாயிலிருந்து அதன்பின் நான் கேட்டதில்லை.

"இந்தியனா?" என்று யாராவது கேட்டால் முகம் சுருங்குகிற இலங்கைத் தமிழன் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அவருக்கு முதன்முதலாகச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.