புருவத்தில் ஒரு புளியங்கொட்டை

என் மூத்த மகளுக்கு இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு கட்டி இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது மிளகு அளவு. நடக்கத் தொடங்கியபோது துவரை அளவு. நாலு வயதில் நன்றாக முற்றிய புளியங்கொட்டை. காலையில் அவளுக்குத் தலை சீவும்போது என் கட்டைவிரல் தானாக அங்கே போய்விடும். நேற்றைவிட வளர்ந்திருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு அடுப்படியில் கை ஓடாது.

அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அதற்குக் ‘குண்டு’ என்று பெயர் வைத்திருந்தாள். தொட்டுப் பார்க்க வேண்டுமானால் ஆளுக்கொரு சோழி தர வேண்டும். போர்ட் பிளேரில் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ், தெலுங்கு, வங்காளிப் பிள்ளைகள் எல்லாம் சோழியோடு வரிசையில் நின்றார்கள். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், “நம்ம குடும்பத்துல ஒருத்தியாவது வியாபாரம் கத்துக்கிட்டா” என்று பெருமைப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டர் நல்ல மனிதர். கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் கத்தி வைக்க இங்கே சர்ஜன் கிடையாது, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்றும் சொன்னார். அடுத்த கப்பலில் மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டோம்.

தீவில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்றால் அவரை யாரும் மனிதராகப் பார்ப்பதில்லை. பாரவண்டியாகத்தான் பார்ப்பார்கள். முதலில் வந்தவர் பஜாரில் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து பாய்.

“தங்கச்சி, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அல்லா இருக்கான். இந்தச் சுறாக் கருவாட்ட மட்டும் மெட்ராஸ்ல நம்ம மச்சான்கிட்ட சேத்துருங்க.”

அடுத்து பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா, மெட்ராஸில் இருந்த தங்கைக்கு எண்ணெய் கசியும் ஊறுகாய் ஜாடியோடு வந்தாள். ஒருவர் எங்கள் தீவில் விளையும் சிவப்புப் படாக் மரத்தில் செய்த முக்காலியைக் கொண்டுவந்தார். வடக்கே நடு அந்தமான் ரங்கத்திலிருந்து லாஞ்ச் படகு ஏறி ஒரு டின் தேன் வந்தது. அனுப்பிய புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரும் முதலில் குழந்தையின் கன்னத்தைத் தடவுவார்கள், கண்ணைத் துடைப்பார்கள், அப்புறம் மூட்டையை இறக்குவார்கள். வீடு முழுக்கக் கருவாட்டு நாற்றம்.

கடைசியில் கப்பல் வந்தது. நாங்கள் ஏற வேண்டிய அதே கப்பலிலிருந்து ஒரு புது சர்ஜன் இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர். பெரிய டாக்டர் எங்களுக்கு உடனே சொல்லியனுப்பினார். புதியவர் கட்டியைத் தொடப் போனதும் என் மகள் கையை நீட்டி, “சோழி?” என்றாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் தொட்டார்.

“இங்கயே எடுத்துரலாமுங்க. புருவத்துக்குள்ளயே கீறுனா தழும்பு தெரியாது. பெருசாக விட்டாத்தான் சிரமம்.”

“உங்க பொண்ணா இருந்தா இங்க செய்வீங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மூட்டைக்காரர்கள் கூடிவிட்டார்கள். “மீசை கூட ஒழுங்கா மொளைக்கல தங்கச்சி, அவருகிட்டயா புள்ளைய குடுக்குறது?” என்றார் பாய். “மெயின்லேண்ட் மே படா படா டாக்டர் ஹை, பெஹன்” என்று, பெரிய பெரிய டாக்டரெல்லாம் அங்கேதான் என்பதைத் தெலுங்கு அக்கா ஹிந்தியில் சொல்லி உருகினாள். உருகும்போதே அவள் கண் ஊறுகாய் ஜாடிக்குப் போய் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“உங்க கருவாடு மெட்ராஸ் போகணும்னு எம்புள்ளய நாலு நாள் கடல்ல போட்டுக் குலுக்கணுமா?”

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “கருவாடு கெடக்கட்டும் தங்கச்சி. கண்ணுக்குப் பக்கத்துல கத்தின்னா எனக்குப் பயமா இருக்கு. அதான்” என்றார்.

எனக்கும் அதேதான். அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மெட்ராஸிலும் அதே கண்ணுக்குப் பக்கத்தில்தானே கத்தி வைப்பார்கள்? மறுநாள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

ஆபரேஷன் அன்றுதான் கப்பலும் கிளம்பியது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் துறைமுகத்திலிருந்து சங்கு ஊதியது. இனி ஏதாவது தப்பாகப் போனால் ஓடிப்போய் ஏற ஒரு கப்பலும் இல்லை என்று நினைத்ததும் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கருவாட்டு நாற்றம் வந்தது. நிமிர்ந்தால் பாய், தெலுங்கு அக்கா, முக்காலிக்காரர். யாரோ ஒரு அப்பாவிப் பிரயாணியின் தலையில் எல்லா மூட்டையையும் கட்டிவிட்டு நேராகத் துறைமுகத்திலிருந்து வந்திருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அந்த நாற்றம் எனக்கு இதமாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

தையல் பிரிக்கிற நாளில் சர்ஜன் சொன்னபடியே ஒரு சோழி கொண்டுவந்தார். என் மகள் கட்டு அவிழ்த்த கண்ணையும் சேர்த்து இரண்டு கண்ணாலும் அதை நன்றாகப் பார்த்தாள். பிறகு, “இப்ப தொடறதுக்குக் குண்டு இல்லியே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தலை சீவ உட்கார வைத்தேன். கட்டைவிரல் வழக்கம்போல் புருவ ஓரத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மெல்லிசாக ஒரு கோடு மட்டும். சீப்பைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

அவள் திரும்பி என் முகத்தைத் துடைத்தாள்.

“அழாதம்மா,” என்றாள். “வேற ஒண்ணு மொளைக்கும்.”