ஸ்வர்ணா வறுத்த மிளகாய்

தொம்மலூரில் ஐ.டி. பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஸ்வர்ணா பதினெட்டு வருஷமாகச் சமையல்காரி. அவள் சாம்பாருக்காகவே அறையைக் காலி செய்யாத பெண்கள் உண்டு. மிளகாயைக் கருகவிடாமல் வறுத்துப் பொடிப்பதில்தான் எல்லாம் இருந்தது. வந்த வினையும் அந்த மிளகாயால்தான்.

நெடி ஏறினால் தும்மல். தும்மினால் சிறுநீர் கசிந்து புடவை நனையும். இரண்டாவது பிரசவத்தோடு ஒட்டிக்கொண்ட தொல்லை. வெளியே சொல்லுகிற விஷயமா? வர வர அது முற்றியதும், வறுக்கிற வேலையை உதவிக்கு இருந்த யசோதாவிடம் தள்ளிவிட்டாள். எங்கே கிளம்பினாலும், எதைத் தொடங்கினாலும் முதலில் பாத்ரூம். மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கழிப்பறை எங்கெங்கே என்பது அவளுக்கு மனப்பாடம்.

யசோதாவோ ஈடு தவறாமல் கருக்கினாள். சாம்பார் கசந்தது. "இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்மா," என்று விடுதிக்காரர் நாகேஷ் சொன்ன பிறகே ஸ்வர்ணா ஆஸ்பத்திரிப் படி ஏறினாள்.

டாக்டர் ஸ்ரீரஞ்சனி மூன்று மாதம் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். போதவில்லை. மூத்திரக் குழாய்க்கு அடியில் மெல்லிய நாடாவைத் தூளி மாதிரி வைத்துத் தாங்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார். சிலருக்கு நாடா உறுத்தலாம், சிறுநீர் போகச் சிரமப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. முதலில் ஒரு சோதனை: நிறையத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு, நின்றபடி இரும வேண்டும்.

ஸ்வர்ணா இருமினாள். ஒரு சொட்டு இல்லை.

"ஒண்ணுமே கசியலையேம்மா. இதை வெச்சு நான் எப்படி ஆபரேஷன் எழுதறது?" என்றார் டாக்டர்.

ஸ்வர்ணாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தினம் தினம் மானத்தை வாங்கிய சனியன், இன்றைக்குப் பார்த்தா ஒளிந்துகொள்ள வேண்டும்! நர்ஸ் டோரீனுக்குத்தான் சந்தேகம் தட்டியது.

"ஏம்மா, பேரு கூப்ட்டதும் எங்க போன நீ?"

"பாத்ரூமுக்கு சிஸ்டர். உள்ள வர்றதுக்கு முன்னால ஒருவாட்டி..." என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கால் தானாகப் போய் வந்திருந்தது.

மறுபடியும் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த முறை டோரீன் பாத்ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ஸ்வர்ணா இருமியபோது தரை நனைந்தது. நனைந்ததற்காக அவள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. நாகேஷ் முணுமுணுத்துக்கொண்டே அதுவரை பொறுத்தார்.

ஏழாவது வாரம் அவளே வாணலியை ஏற்றினாள். யசோதா ஓடி வந்தாள்.

"தள்ளுக்கா, நான் வறுக்கறேன்."

"நீ கருக்கினது போதும். நில்லு அப்படி."

நெடி ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று தும்மல். கை தானாக மேடையைப் பிடித்தது, தொடை இறுகியது. கொஞ்சம் பொறுத்து மெல்லத் தளர்த்திப் பார்த்தாள். புடவை காய்ந்தே இருந்தது.

"இன்னாக்கா, பாத்ரூம் ஓடலியா?"

"எதுக்குடி?" என்று கேட்டுவிட்டு, கருகுவதற்கு முன்னால் மிளகாயை இறக்கினாள் ஸ்வர்ணா.