புலிக்கு வைத்த பொட்டு

ரங்கூனில் துரைமார் வேட்டையாடிய புலித்தோலையும் மான்கொம்பையும் சீமைக்கு அனுப்பப் பெட்டி கட்டுவது என் வேலை. அன்று ஒரு புலித்தோல் தலையோடு வந்திருந்தது. அந்தப் பெட்டி சுங்கத்தைத் தாண்டிவிட்டால் எனக்கு லீவு. மத்தியானக் கப்பலில் மதராஸுக்கு ஏற வேண்டியதுதான். ஊரில் பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்ட என் மகளை நான் பார்த்ததே இல்லை.

மூடுமுன் குங்குமத்தைக் குழைத்துப் புலியின் நெற்றியில் வைத்தேன். பயணம் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான்.

"என்ன மாமா, மாப்பிள்ளை அழைப்பா?" என்று கூட வேலை செய்த முத்து சிரித்தான்.

சுங்கக் கொட்டகையில் பெட்டியைத் திறந்த பர்மிய அதிகாரி முகம் சுளித்தார். "ரத்தம்! இது பதப்படுத்தாத பச்சைத் தோல். போகாது."

"குங்குமம், ஸயா!" என்று அவர்கள் மொழியில் 'ஐயா' போட்டுச் சொன்னேன். "எங்க அம்மனோட வாகனம் இது. திரும்பி வராத ஊருக்குப் போகுது. வெறும் நெத்தியோட எப்படி அனுப்புறது?"

அவர் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"துடைக்காதே, இருக்கட்டும். ஆனா தோல் முழுக்க நான் பார்த்தாகணும்."

வைக்கோலையெல்லாம் எடுத்துக் காட்டி, மறுபடி அடுக்கி ஆணியடித்தேன். பெட்டி போனது. நான் துறைக்கு ஓடியபோது என் கப்பல் நடு ஆற்றில் இருந்தது.

அம்மனிடம் நான் கோபித்துக்கொண்டது அன்று ஒருநாள்தான். முகம் தெரியாத என்னைக் கண்டதும் என் மகள் வீறிட்டு அழுவாளே, அந்த அழுகையைக் கேட்கக்கூட அன்று ஏங்கினேன்.