புகைக்கூண்டுக்குக் கீழே ஒரு சமையலறை

1. ஒரு ஆணிகூட அடிக்காதே

"பாய், வெளிச்சுவர்ல ஒரு ஆணி அடிச்சாலும் வேலையை நிறுத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அதிகாரி முதல் நாளே எங்களை இப்படித்தான் வரவேற்றார். வணக்கம் சொல்லத் தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டேன்.

எண்பதுகளில் நடந்தது இது. ஓசூருக்குக் கம்பெனிகள் வந்துவிட்டன, வீடுகள் வரவில்லை. லேத் மிஷினுக்கு ஷெட் கிடைத்தது, லேத் ஓட்டுகிறவனுக்கு ரூம் கிடைக்கவில்லை. நான் ஒரு கான்ட்ராக்டரிடம் பிளம்பிங், வயரிங் இரண்டுக்கும் சூப்பர்வைசராக இருந்தேன். என் மனைவி ஜமீலா சிங்காரப்பேட்டையில் என் பெற்றோருடன் இருந்தாள். நான் ஓசூரில் சிமென்ட் கோடவுன் மூலையில் பாய் விரித்துப் படுப்பேன்.

வேலை நடந்த இடம் ஊருக்கு வெளியே இருந்த வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் பங்களா. அரசு பாதுகாப்பில் இருந்த கட்டடம். ஒரு தொழிற்சாலை அதை வாடகைக்கு எடுத்து, மாடியைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்துத் தன் ஆட்களுக்குக் கொடுக்க நினைத்தது. வெளித்தோற்றம் மாறக்கூடாது, கருங்கல்லைக் குடையக்கூடாது, தரையை உடைக்கக்கூடாது. ஆனால் உள்ளே கேஸ் அடுப்பு, சிங்க், கக்கூஸ், கீசர் எல்லாம் இருக்க வேண்டும். பட்டுப்புடவை நனையாமல் குளிக்கச் சொன்ன கதைதான்.

முதல் போர்ஷன் என்ஜினியர் சண்முகவேலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அம்பாசமுத்திரத்துக்காரர். கல்யாணமாகி மூன்று வருஷம். மனைவி கோமதி ஊரில், இவர் இங்கே நான்கு பேரோடு ஒரே அறையில். கார்த்திகை முடிவதற்குள் குடும்பத்தோடு குடியேறாவிட்டால் போர்ஷன் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் சைட்டுக்கு வந்துவிடுவார். "பாய், முடிஞ்சிரும்லா? அவ ஒரு தடவை வந்து எங்க ரூமைப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டா. இந்த வீட்டைப் பாத்தா இருந்துருவா. இருப்பாள்லா?"

வால்வைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லலாம். நான் பைப் வரப்போகிற இடத்தைக் காட்டினேன்.

2. வெள்ளைக்காரனின் அக்னி மூலை

பாத்ரூம் சுலபமாகவே அமைந்தது. அந்தக் காலத்துக் குளியலறைச் சுவரில் தண்ணீர் வெளியேற ஏற்கெனவே ஒரு துவாரம் இருந்தது. எங்கள் பைப்பை அதற்குள்ளேயே விட்டு, பின்பக்கமாக இறக்கினோம். சுவரைக் கொத்தாமல் உள்பக்கம் கல் இடுக்குச் சுண்ணாம்பில் தேக்குச் சட்டம் அடித்து அதன் மேல் ஒயர் ஓட்டினோம்.

சிக்கல் சமையலறையில்தான். வெள்ளைக்காரர் சமையலைத் தோட்டத்தில் தனிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். மாடியில் புகை போக வழியே தெரியவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை போடலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் கேள்வியை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரி நாராயணப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவரும் நானும் பீடி பிடித்துக்கொண்டு மாடியின் பெரிய அறையில் நின்றோம். அந்த அறையின் கோடியில், சுவரிலேயே கட்டிய குளிர்காயும் அடுப்பு ஒன்று இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அதற்கு மேலே கூரை வரை புகைக்கூண்டு போகிறது. புகை போகவே கட்டியது!

நாராயணப்பா ஜன்னலில் சூரியனைப் பார்த்துத் திசையைக் கணக்குப் போட்டார். "பாய், இது தென்கிழக்கு! அக்னி மூலை! வெள்ளைக்காரனுக்கு யாரு வாஸ்து பாத்தது?"

புகைக்கூண்டுக்குள் இருந்த மைனாக் கூட்டையும் சருகையும் இழுத்துப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. அந்த அடுப்புக்கு முன்னால் கடப்பாக்கல் மேடை போட்டோம். சிங்க் தண்ணீரை உள்சுவர் ஓரமாகவே கொண்டுபோய் பாத்ரூம் பைப்பில் சேர்த்தோம். தாளித்துப் பார்த்தோம். மிளகாய் நெடி நேராக மேலே போனது. அதிகாரிகூடத் தும்மாமல் நின்று பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எங்களுக்கு மெடல் கிடைத்த மாதிரி.

3. வெள்ளிக்கிழமை

மார்கழி பிறந்தால் குடிபோக முடியாது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கோமதி தன் அண்ணனோடு சேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. விடியும்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றன என்று சேலத்திலிருந்து வந்த டிரைவர் ஒருவர் சொன்னார்.

சண்முகவேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். "நேரம் போகுது பாய். இதை விட்டா வேற நாள் இல்லை. வீடே போயிரும்."

நாராயணப்பாதான் யோசனை சொன்னார். "சுமங்கலி கையால பால் காய்ச்சினா போதும் சார். நம்ம மாதம்மா இருக்குதில்ல?"

மாதம்மா எங்கள் சித்தாள். எங்கள் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அவள் கைகால் கழுவி, முந்தானையைச் செருகி, முகமெல்லாம் சிரிப்பாக அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. கை தட்டினோம். ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம்.

அதன் பிறகு வந்தாள் கோமதி. கையில் புதுப் பித்தளைப் பாத்திரம். புதுவீட்டில் முதல் பால் காய்ச்ச அவள் அம்மா கொடுத்தனுப்பியது. படியேறி வந்தவள் மேடையில் வழிந்திருந்த பாலைப் பார்த்தாள்.

"யாரு காய்ச்சினது?"

மாதம்மாதான் கையைப் பிசைந்தபடி சொன்னாள். "நான்தான் அம்மா. சார்தான் காய்ச்சச் சொன்னாரு. தப்பாச்சா?"

"உம்மேல கோவம் இல்லம்மா" என்றாள் கோமதி. குரல் உடைந்துவிட்டது. அண்ணன் பெட்டியைக் கீழே வைக்காமலேயே நின்றார். "வா, திரும்பிப் போயிருவோம்" என்றார்.

சண்முகவேலுக்கு அழுகை வந்துவிட்டது. "கோமதி, எல்லாம் உனக்காகத்தான். இந்த வீடு கைவிட்டுப் போனா நீ வரவே மாட்டேன்னு பயந்துட்டேன்."

"நான் எப்ப வரமாட்டேன்னு சொன்னேன்?" அவள் திரும்பினாள். "ஒரு நாள் மூக்கைப் பொத்தினேன். அதுக்கு மூணு வருஷமா? நல்ல வீடு, நல்ல வீடுன்னு நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வாரியான்னு ஒரு தடவை கேட்டீங்களா? கேட்டிருந்தா குடிசையிலயும் அடுப்பு பத்தவச்சிருப்பேன்லா?"

எங்கள் எல்லோர் முன்னாலும்தான் கேட்டாள். நான் சிங்கின் கீழே இறுக்கமாகவே இருந்த நட்டை ஸ்பானரால் இன்னும் இறுக்கினேன்.

அப்புறம் அவள் மாதம்மாவிடம், "இன்னும் பால் இருக்கா?" என்றாள். இருந்தது. பித்தளைப் பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

"ராகு காலம் ஓடுது கோமதி" என்றார் அண்ணன்.

"ஓடட்டும்."

நாங்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டோம். படியில் மாதம்மா மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

4. மத்தியான பஸ்

இந்த லைனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழைய கட்டடத்தில் கை வைக்கும் முன் அது ஏற்கெனவே என்ன வழி வைத்திருக்கிறது என்று பாருங்கள். துவாரமும் இருக்கும், புகைக்கூண்டும் இருக்கும். ஆனால் வீட்டை முடித்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். எந்த வீடும் முடியாது. ஒரு குழாய் சொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அன்று மத்தியானம் ஜும்ஆ தொழுகையில் எனக்கு மனம் நிற்கவில்லை. கோமதி கேட்டது அவள் கணவனைத்தான், என்னை அல்ல. ஆனாலும் நெஞ்சில் அதுவே கிடந்து அறுத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஜமீலாவைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அதே நல்ல வீட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அவளை நினைத்து எனக்கு அப்படி ஒரு ஏக்கம் அதுவரை வந்ததில்லை.

மேஸ்திரியிடம்கூடச் சொல்லாமல் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, மாறி மாறி சிங்காரப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜமீலா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஓசூர்ல ஒரு ரூம்தான் கிடைக்கும். சிமென்ட் ஷீட் கூரை. தண்ணி தெருக்குழாயில. கக்கூஸ் நாலு குடும்பத்துக்கு ஒண்ணு. வர்றியா?"

அவள் ரூமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.