அழித்துவிட்ட பதில்

வெர்னா கோல்ஸ்டாடுக்குப் பகலெல்லாம் பல்வலிக்காரர்களோடு பேச்சு. மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் ஹேகன் லேக் என்ற சிற்றூரில் பல் மருத்துவமனை ஒன்றுதான். அதன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியில் எரிந்து விழுகிறவர்களுக்கு இதமாகப் பதில் சொல்லியே அவள் தலை நரைத்துவிட்டது. வேலை முடிந்து வீடு வந்தால் அதே ஊர்க்காரர்கள் முகநூலில் காத்திருப்பார்கள். அங்கே யாருக்கு எங்கே வலி என்று தெரியாது. எரிந்து விழுவது மட்டும் நடக்கும்.

அந்த ஊர்க் குழுவைத் தொடங்கியதே அவள்தான். புயல் நாளில் பள்ளி உண்டா, காணாமல் போன நாயை யாராவது பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்வதற்காக. கணவன் ஹெர்ப் இறந்த புதிதில் மாலைப் பொழுதை ஓட்டவும் அது உதவியது. போகப் போக ஊரே உள்ளே வந்தது. கூடவே ஊரின் மனத்தாங்கல்களும் வந்தன. யாராவது வரம்பு மீறினால் வெர்னா அவர்களுக்குத் தனியாக எழுதுவாள்: "இதைக் கொஞ்சம் மாத்தி எழுத முடியுமா?" சிலர் மாற்றினார்கள். சிலர் அவளையே திட்டினார்கள். திட்டியவர்கள் பல்லைக் காட்ட வரும்போது, ஒன்றுமே நடக்காதது போல அவளிடம் ஏரி உறைந்ததைப் பற்றிப் பேசினார்கள். அவளும் பேசினாள்.

அந்த ஜனவரியில் ஜோலின் பெக்ஸ்ட்ரம் என்ற பெண் ஒரு படம் போட்டாள். சாலையோரத் தபால் பெட்டி கம்போடு பிடுங்கப்பட்டு பனிக்குவியலில் குப்புறக் கிடந்தது. "பனி தள்ளும் வண்டி செய்த வேலை. ஓட்டுநர் நிற்கக்கூட இல்லை" என்று எழுதியிருந்தாள். அந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவன் வெர்னாவின் அண்ணன் லைல்.

முதலில் வந்தவை சாதாரணப் புலம்பல்கள். அப்புறம் டெல்மர் வாஸ் வந்தான். "அந்த ஆளு வேற எப்படி ஓட்டுவான்? பிளாஸ்க்ல இருக்கறது வெறும் காப்பின்னா நெனைக்கறீங்க?" அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. லைல் குடியை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எவ்வளவு பாடுபட்டு விட்டான் என்பதை வெர்னா கூடவே இருந்து பார்த்தவள்.

வேறு யாருடைய அண்ணனாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவள் யோசித்தாள். ஜோலினின் புகாரை விட்டுவிட்டு, டெல்மரின் வரியை மட்டும் நீக்கியிருப்பாள். அதையே செய்தாள். "தபால் பெட்டியைப் பற்றிப் பேசுவோம், ஆளைப் பற்றி வேண்டாம்" என்று ஒரு வரி போட்டாள்.

"அண்ணனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமாக்கும்?" என்று உடனே ஒருத்தி கேட்டாள். டெல்மர் அதே வரியை மறுபடியும் போட்டான்.

வெர்னாவின் விரல்கள் தாமாகவே ஓடின. "போன கோடையில் குடித்துவிட்டுப் பள்ளத்தில் காரை விட்டாயே டெல்மர், போலீஸ் வருவதற்கு முன் உன்னை இழுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டது லைல்தானே? சொல்லட்டுமா?" என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தபோது சுகமாக இருந்தது. ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்தாள். டெல்மரின் வரியை இன்னொரு முறை எடுத்துவிட்டு, பின்னூட்டப் பகுதியையே மூடினாள்.

சிறிது நேரத்தில் லைல் கூப்பிட்டான்.

"படிச்சியா?"

"படிச்சேன். எடுத்துட்டேன் லைல்."

"எடுத்தா ஆச்சா? எனக்காக ஒரு வார்த்தை பேசல நீ."

"பேசினா இன்னும் பத்து பேரு கெளம்பி வருவாங்க."

"வரட்டுமே. ஊருக்கெல்லாம் மரியாதை பாக்கற. கூடப் பொறந்தவன அம்போன்னு விட்டுட்ட." போனை வைத்துவிட்டான். ஞாயிறுதோறும் அவள் வீட்டில் சாப்பிடுகிறவன் அந்த வாரம் வரவில்லை.

அவன் போன் செய்த மறுநாள் மதிய இடைவேளையில் வெர்னா ஜோலினைப் போனில் கூப்பிட்டாள். அந்தக் குரல், அப்படி எழுதிப் போட்ட ஆளுடையது போலவே இல்லை.

"நீங்க திட்டத்தான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஜோலின். "எங்க வீட்டுக்காரருக்கு இன்சுலின் தபால்லதாங்க வருது. பெட்டி இல்லன்னா போட மாட்டாங்களாம். ரோட்டு ஆபீஸ்ல போனே எடுக்க மாட்டேங்கறாங்க. வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல, அங்க போட்டேன். குடியப் பத்தி நான் ஒண்ணுமே எழுதலீங்க."

"தெரியும்."

"அவரு உங்க அண்ணனாமே?"

"ஆமா."

"வண்டி வந்தப்ப பெட்டி பனிக்குள்ள பொதைஞ்சுதான் இருந்துது. அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் ஜோலின். அன்று மாலையே அதைத் தன் பதிவில் சேர்த்துவிட்டாள். சிரித்தவர்களில் ஒருவரும் அதைப் படிக்கத் திரும்பி வரவில்லை.

இன்சுலின் விஷயத்தை வெர்னா லைலுக்கு ஒரு செய்தியாக அனுப்பினாள். அந்த வாரமே அவன் ஒரு வாளி நிறையச் சரளையைக் கொட்டி, நடுவில் கம்பை நட்டு, புதுப் பெட்டியை மாட்டி ஜோலின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான். பூமி உறைந்து இறுகிக் கிடக்கும் மாதத்தில் குழி தோண்ட முடியாது. வாளியை யாரும் படம் எடுத்துப் போடவில்லை.

பிப்ரவரியில் டெல்மர் கடைவாய்ப் பல் உடைந்து மருத்துவமனைக்கு வந்தான். வெர்னாவைப் பார்த்ததும் கன்னத்தில் இருந்த கையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டான்.

"வெளிய குளிர் ஜாஸ்தி" என்றான்.

"ஆமா டெல்மர். இன்சூரன்ஸ் அட்டை வெச்சிருக்கீங்களா?" என்றாள் வெர்னா.

லைல் மார்ச்சில்தான் சாப்பிட வந்தான். கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ஹாட்டிஷைத் தட்டில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றான்.

"டெல்மர் பள்ளத்துல கெடந்தத நீ சொல்லியிருக்கலாம்" என்றான்.

"எழுதினேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

"போட்டிருந்தா எனக்குக் குளுகுளுன்னு இருந்திருக்கும்." இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டான். "ஆனா அது அவன் பொண்டாட்டிக்கே இன்னும் தெரியாது."

"தெரியாதுன்னுதான் அழிச்சேன்."

லைல் தலையாட்டினான். "இந்தக் குரூப் கருமத்த விட்டுத் தொலையேன் வெர்னா. ஆளு பாதியா போயிட்ட."

"விட்டா யாரு பாக்கறது? டெல்மர் கேட்டிருக்கான், தான் பாத்துக்கறேன்னு."

லைல் வாய்விட்டுச் சிரித்தான். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.