பெருவிரல் நனைக்கும் பயிற்சியாளர்

காலையில் கல்லூரி நீச்சல் குளத்துக்கு வந்ததும் காசிராஜன் வலதுகால் செருப்பை மட்டும் கழற்றுவார். பெருவிரலைத் தண்ணீரில் விட்டு, நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார். "தண்ணி இன்னைக்குக் கனமா இருக்கு" என்பார். பிறகு விரலைத் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ வருடமாக அந்தப் பெருவிரலுக்கு மேல் அவர் நனைந்து யாரும் பார்த்ததில்லை. மீசைக்குப் பூசும் சாயம் குளோரினில் வெளுத்துவிடும் என்பது ஒரு காரணம். இறங்கினால் பிள்ளைகள் முந்திவிடுவார்கள் என்பது அவர் யாரிடமும் சொல்லாத காரணம்.

விருதுநகரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். தோட்டத்துக் கிணற்றில் பழகியவர். ஒரு காலத்தில் நன்றாகவே நீந்தினார், அதை மறைக்கக் கூடாது. மாநில அளவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தேசியப் போட்டிக்கும் போனார். அங்கே எந்த இடம் என்று யாராவது கேட்டால், "அம்புட்டுப் பேரு நின்ன எடத்துல நாமளும் நின்னோம்லா, அது போதாதாலே?" என்பார்.

பதக்கம் வாங்கிய வருடம், சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் லட்சுமிகாந்தம் இவர் படத்தைக் கம்பி மத்தாப்புப் பெட்டியில் அச்சடித்தார். இடுப்பளவு தண்ணீரில் காசிராஜன், இரண்டு கையிலும் எரிகிற மத்தாப்பு, காது வரைக்கும் சிரிப்பு. ஒரு சீசன் ஓடியது. அடுத்த சீசனில் அந்த இடத்துக்கு ஒரு புலிக்குட்டி வந்துவிட்டது. காசிராஜன் அந்த அட்டையைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் அதன் கதையை ஆரம்பித்தாரென்றால், மனைவி யோகேஸ்வரி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார்: "நமத்துப்போன மத்தாப்ப எத்தன தடவதான் கொளுத்துவீக? வந்தவுகளுக்குக் காப்பி ஆறுது."

லட்சுமிகாந்தம் பின்னாளில் கல்லூரி கட்டினார். குளமும் வெட்டினார். மத்தாப்புப் பெட்டிக்காரர் பயிற்சியாளர் ஆனார்.

அவருடைய பயிற்சி முறை எளிமையானது. "நீச்சல்ங்கது கையிலயும் காலுலயும் இல்லலே, பழக்கவழக்கத்துல இருக்கு." பழக்கவழக்கம் என்றால் நடுவர்கள், தேர்வுக் குழுவினர். வெளியூர்க்காரர்களுக்குச் சிவகாசிப் பக்கத்து ஆளைப் பார்த்தால் பட்டாசு கேட்கத் தோன்றும். காசிராஜனோ கேட்காமலே கொடுப்பவர். போட்டிகள் தீபாவளி சீசனில் வருவதால் ஆளுக்கொரு பட்டாசுப் பெட்டி. பிள்ளைகள் ஜெயித்தால் பெட்டி ஜெயித்தது என்று நினைத்துக்கொள்வார். தோற்றால் பெட்டி சின்னது என்று வருத்தப்படுவார்.

பொன்மணிக்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. நாரணாபுரத்துப் பெண். அம்மா முருகம்மாள் பட்டாசு ஆபீஸில், ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், வெடிச் சரம் பின்னுகிறாள். மாவட்டத்தில் பொன்மணியோடு நீந்தியவர்கள் அவளுடைய குதிகாலைத்தான் பார்த்தார்கள். போன வருடம் சென்னையில் தேர்வுப் போட்டி. அதில் முதலில் வந்தால் பல்கலைக்கழக அணியில் இடம், அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி. முருகம்மாள் சரம் பின்னுவதை நிறுத்தலாம். வீட்டில் வேறு எந்த வழியும் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று காசிராஜன் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து பொன்மணியின் பைக்குள் துண்டுக்கு அடியில் வைத்தார். தன் பையில் வைத்தால் இஸ்திரி போட்ட சட்டை கசங்கும்.

"சார், ரயில்ல பட்டாசு கொண்டுபோகக் கூடாதுல்லா?"

"நாரணாபுரத்துப் பிள்ள பட்டாசுக்குப் பயப்படுதாம்! கேட்டா ஊரே சிரிக்கும். சும்மா வா தாயி."

எழும்பூர் ஸ்டேஷனில் ரயில்வே போலீஸின் மோப்ப நாய் எல்லாரையும் விட்டுவிட்டுப் பொன்மணியின் பையருகே வந்து மரியாதையாக உட்கார்ந்தது. போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்து, "யாருதும்மா இது?" என்றார். பொன்மணி காசிராஜனைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு பைதான் சார்" என்றார் காசிராஜன். "அவங்க அம்மா பட்டாசு ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க. தெரியாம எடுத்து வந்திருச்சு."

முதலில் சொன்ன இரண்டும் உண்மை. அந்தத் தைரியத்தில்தான் மூன்றாவதையும் சொன்னார். "மத்த பிள்ளைகளுக்குப் போட்டி இருக்கே சார்" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போயும்விட்டார். பொன்மணி போலீஸ் அறை பெஞ்சில் இருந்தாள். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள், அவர்கள் எழுதினார்கள், கல்லூரிக்குப் போன் போட்டார்கள், எச்சரித்து அனுப்பினார்கள். அவள் குளத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய போட்டி முடிந்து, அந்தத் தண்ணீரில் ஆண்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். காசிராஜன் அங்கே ஒரு நடுவரிடம் கைகட்டி நின்று, "பெட்டிய அடுத்த வருசம் சேத்துத் தந்துருதேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அணி பொன்மணி இல்லாமல் போனது. கல்லூரி விசாரித்தது. காசிராஜன் தாளாளர் லட்சுமிகாந்தம் வீட்டில் ஒரு காலைப்பொழுது நின்றுவிட்டு வந்தார், விசாரணை முடிந்தது. தன்னால்தான் அந்தப் பெண் பத்திரமாக ஊர் திரும்பினாள் என்றே இன்றும் நம்புகிறார்.

இந்த வருடமும் அவர்தான் பயிற்சியாளர். பொன்மணிக்கு இது படிப்பின் கடைசி வருடம், கடைசி வாய்ப்பு. சென்னை ரயிலுக்கு விருதுநகர் பிளாட்பாரத்தில் எல்லாரும் நின்றார்கள். முருகம்மாளும் வந்திருந்தாள். மகளின் பையைக் காசிராஜன் முன்னால் தரையில் வைத்து, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காட்டினாள்.

"பாத்துக்கிடுங்க சார். துண்டு. உடுப்பு. சீப்பு. புளிச்சோறு. வேற ஒண்ணும் இல்ல."

"என்னம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இல்லாமயா சார், சீசன் நேரத்துல லீவு சொல்லிட்டு வந்து நிக்கேன்?"

மற்றப் பெண்களும் சிரித்துக்கொண்டே தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். முருகம்மாள் ஜிப்பை மூடி, சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியை மகள் கையில் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து காசிராஜனின் பையைப் பார்த்தாள்.

அவர் ரயில் வருகிற திசையைப் பார்த்தபடி, குதிகாலால் அந்தப் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.