பழனி வண்டி நிற்கும் நேரம்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சோலைமலை அண்ணனின் கால் போனதற்கும் அவர் வாய்தான் காரணம் என்று திண்டுக்கல் ஸ்டேஷனில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். என் வாய்தான் காரணம் என்பது மூன்று வருடமாக எனக்கு மட்டுமே தெரியும். நான் அய்யம்மாள், பிளாட்பாரத்தில் டீக்கடை பார்ப்பவள். நாளெல்லாம் ஓயாத என் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

அண்ணன் வடமதுரைக்காரர். மீட்டர் கேஜ் காலத்திலேயே போர்ட்டராகச் சிவப்புச் சட்டை போட்டவர். எந்த வண்டி எந்த பிளாட்பாரம், எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று ஜனங்கள் அவரைத்தான் கேட்பார்கள். சக்கரம் வைத்த பெட்டிகளும் லிஃப்டும் வந்து சுமை குறைந்தது, கேள்வி குறையவில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். பழனி போகும் வண்டிக்கு அப்போது இங்கே கரண்டு இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டுவார்கள். இருபது நிமிடம் நிற்கும். ஜனங்கள் இறங்கி, பல் துலக்கி, டீ குடித்துவிட்டுச் சாவகாசமாக ஏறுவார்கள்.

ஒருநாள் அண்ணன் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போயிருந்தார். அன்றைக்கு டீ குடிக்க வந்த இஞ்சின் டிரைவர், "நாளையிலருந்து இஞ்சின் மாத்துற வேலை இல்லக்கா. பழனி வரைக்கும் கரண்டு வந்துருச்சு. அஞ்சு நிமிசத்துல கிளம்பிருவோம்" என்றார்.

மறுநாள் காலையில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அண்ணே, இந்தப் பழனி வண்டி இருக்குல்ல..."

முடிக்க விட்டாரா மனுஷன்! "டீ ஆத்துறவளுக்கு வண்டியப் பத்தி என்னத்தா தெரியும்? நீ பாலப் பாரு, பொங்குது!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கிடக்கட்டும், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

வண்டி வந்தது. ஒலிபெருக்கி அதன் பாட்டுக்கு அஞ்சு நிமிடம் என்று சொன்னது. யார் காதில் வாங்கினார்கள்? பால்புட்டியோடு வாசலில் நின்ற ஒரு பெண், "வண்டி செத்த நேரம் நிக்குமாண்ணே? பிள்ளை தூங்குது, வெந்நி வாங்கணும்" என்றாள்.

"இருபது நிமிசம் நிக்கும்மா. பதறாமப் போயிட்டு வா."

நேரே என் கடைக்குத்தான் வந்தாள். நான்தான் வெந்நீர் ஊற்றினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உடனே ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். அண்ணன் அசடு வழியப் போவதை எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், பாவி. அவளோ புட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

வண்டி நகர்ந்தது. "ஐயோ, என் பிள்ளை!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். அண்ணன் அவளை முந்திக்கொண்டு ஓடி வாசல் கம்பியைப் பிடித்தார். கால் வழுக்கி வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. யாரோ சங்கிலியை இழுத்தார்கள். குழந்தை கடைசிவரை விழிக்கவே இல்லை. அண்ணனின் இடதுகால் இரண்டு இடத்தில் நொறுங்கிப் போனது.

அதற்குப் பிறகு அவரால் சுமை தூக்க ஏலவில்லை. ஆனாலும் தினமும் கைத்தடியோடு பழனி வண்டிக்கு வந்துவிடுவார். "இறங்காதீக, அஞ்சு நிமிசந்தான்" என்று பெட்டி பெட்டியாகச் சொல்லிப் போவார். பிறகு என் கடைக்கு வருவார். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுப்பேன். கொடுக்கும்போதெல்லாம் கை கூசும்.

போன வாரம் டீயை வாங்கிக்கொண்டே, "அதுக்கு முந்தின நாள் நான் சந்தைக்குப் போகாம இருந்திருந்தா விசயம் தெரிஞ்சிருக்கும். ஒனக்காவது தெரிஞ்சிருந்தா நீ சொல்லிருப்ப. எல்லாம் நேரம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்ணே."

டிரைவர் சொன்னது, நான் கோபித்துக்கொண்டது, வெந்நீர் ஊற்றியது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டீயை அப்படியே பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கீழே இறங்கி நின்ற ஒருவரிடம் ஏறச் சொன்னார். "அஞ்சு நிமிசந்தானா? நல்லாத் தெரியுமா பெரியவரே?" என்று அவர் கேட்டார்.

அண்ணன் கைத்தடியை என் கடைப் பக்கம் நீட்டினார். "நான் சொன்னா நம்பாதீக. அந்தம்மாகிட்டக் கேளுங்க. அதுக்குத் தெரியும்."

அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு நிமிசந்தான், ஏறுங்க!" என்று கத்தினேன். மூன்று வருடத்துக்கு முன்பே கத்தியிருக்க வேண்டியது.